எடைப்பாலத்தில் எடுத்தவை

ஒரு லோரிக்கு மூன்று படம்:
நம்பர் தட்டு, குலைகள், எடைச்சீட்டு.
கம்பெனி உத்தரவு அவ்வளவுதான்.
லாபிஸ் செம்பனை ஆலை வாசலில்,
எடைப்பாலத்தை ஒட்டிய கண்ணாடிக் கூண்டில்
ஆறு வருஷமாய் இதுதான் என் வேலை.
நாளொன்றுக்கு நாற்பது லோரி.
பெருக்கல் கணக்கை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள்.

முதல் இரண்டு வருஷம் நான் எதையும் பார்க்கவில்லை.
எடுத்தேன், அனுப்பினேன்,
பசியாறப் போனேன், வந்தேன், எடுத்தேன்.

பிறகு ஒரு வெள்ளிக்கிழமை
தலைமை அலுவலகத்திலிருந்து ஒரு கடிதம்:
'இணைப்பிலுள்ள படம் ஏற்கப்படாது.
வாகன எண்ணைப் பறவை மறைத்துள்ளது.
மறுமுறை கவனம் தேவை.'

இணைப்பைத் திறந்தேன்.
உண்மைதான்.
பம்பர்மேல் ஒரு கொக்கு,
ஒற்றைக் காலில்,
ஒன்பதுக்கும் நான்குக்கும் நடுவே
விட்டுப்போன இலக்கம் தானே என்பதுபோல்.

அன்றைக்குத்தான் கெட்டுப்போனேன்.

மூன்று படம் கம்பெனிக்கு,
நான்காவது எனக்கு.

குலைக்குத் தரம்பார்க்கும் ரஃபிகுல்
பழுக்காததில் சிவப்புச் சாயத்தால் குறி போடுவான்;
விரல்களைத் தகரச் சுவரில் துடைப்பான்.
எத்தனை மழை கழுவியும் போகாத
அரைக்கைகள், கால்கைகள், வெறும் விரல்கள்.
ஒரு மத்தியானம் அந்தச் சுவரை எடுத்தேன்.
பயந்துபோய் மலாயில் கேட்டான்,
கழுவிவிடட்டுமா என்று.
வேண்டாம், தொடாதே என்றேன்.

வீரசெல்வத்தின் லோரியில்
பக்கக் கண்ணாடிக் கம்பியில் எப்போதும்
ஒரு தே-ஓ பொட்டலம் தொங்கும்.
காலை எட்டேகால் வெயில்
அந்தப் பிளாஸ்டிக்குக்குள் இறங்கி
கொஞ்ச நேரம் ஊறும்.
"என்ன பிள்ள, என் தேத்தண்ணியையும்
எடை போடப்போறியா?"
பிரேக்கை விடும்போது அது ஆடியது;
ஆடிய படம்தான் நன்றாக வந்தது.

எல்லாம் நன்றாக வந்ததென்று சொல்ல மாட்டேன்.
கொதிகலன் புகையை இருநூறு தடவை எடுத்திருப்பேன்;
இருநூறும் புகைதான்.

போன மாதம் கம்பத்தில் தானியங்கிக் கேமரா வந்தது.
கைப்பேசியைத் திங்கட்கிழமை ஒப்படைக்கச் சொன்னார்கள்,
எல்லாவற்றையும் அழித்துவிட்டு.

ஞாயிற்றுக்கிழமை
மார்க்கெட்டுக்குப் பின்னால், ஆ சூன் கடை.
பாஸ்போர்ட் படம், கல்யாண ஆல்பம், லாமினேட்.
ஒரு படம் எண்பது காசு;
என் கையில் முப்பது வெள்ளி.
நாலு வருஷத்திலிருந்து முப்பத்தேழு.
வேண்டாம், வேண்டாமென்று தள்ளித் தள்ளிக்
கட்டைவிரல் வலித்தது.

ஆ சூன் ஒவ்வொன்றாய் வெட்டி அடுக்கினார்.
சுவர். பொட்டலம்.
ஈரச் சடக்கில் உருண்டோடிய உதிரிப்பழம்.
கிழிந்த பூட்ஸுக்குள் மல்லித்தழை வளர்க்கும்
காவல்காரர் தமாங்.
மூக்குக்கண்ணாடியை நிமிர்த்திக் கேட்டார்:
"இது என்ன விசேஷம்?"
யோசித்துப் பார்த்தேன்.
"செவ்வாய்க்கிழமை."
அவரும் கவரின்மேல் அப்படியே எழுதிக் கொடுத்தார்.

இப்போதெல்லாம் கம்பம் பார்த்துக்கொள்கிறது.
நான் சீட்டைக் கிழித்துக் கொடுப்பதோடு சரி.
பொட்டலப் படத்தை வீரசெல்வத்திடம் நீட்டினேன்;
ஒன்றும் பேசாமல்
சாலைவரி வில்லைக்குப் பக்கத்தில் செருகிக்கொண்டார்.

இன்று காலை திரை சிவப்பாய்க் கத்தியது:
எண் தெரியவில்லை. எண் தெரியவில்லை.
பின்னால் ஏழு லோரி, ஏழு ஹாரன்.
எட்டிப் பார்த்தேன்.
பம்பர்மேல், ஒற்றைக் காலில்.

போய் விரட்டவேண்டியது என் வேலை.
மேசைக்கடியில் செருப்பைத் தேடினேன்.
ஒன்று உடனே கிடைத்தது.
மற்றதை
இன்னும் கொஞ்ச நேரம் தேடினேன்.