அளக்காத கட்டம்

தலைஞாயிறு.
பெயரில்தான் தலை,
தண்ணீர்க் கணக்கில் கடைமடை.
அரிச்சந்திரா ஆற்றோரம் ஒரு மாடி அறை,
இன்வெர்ட்டர் முனகுகிறது,
திரையில் புதன்,
சூளையில் கருகிய செங்கல் நிறத்தில்.

நான் அங்கே மண் பார்க்கிறவள்.
ஒரு பிடி அள்ளியதில்லை. முகர்ந்ததில்லை.
சூரியனின் எக்ஸ் கதிர் பட்டதும்
ஒவ்வொரு தனிமமும்
தனக்கென்று ஓர் ஆற்றலில் மினுங்கும்.
மக்னீசியம் ஒன்றேகால்,
சிலிக்கான் ஒன்றேமுக்கால்,
கந்தகம் இரண்டேகாலுக்குக் கொஞ்சம் மேலே.
கந்தகம்தான் எங்களைத் திடுக்கிட வைத்தது.
அத்தனை வெயிலில் எப்போதோ ஆவியாகியிருக்க வேண்டும்,
இல்லை, கூடை கூடையாகக் கிடக்கிறது.
விண்கலம் எண்ணிக்கொண்டே போகும்,
களத்தில் நெல் அளக்கிறவர்
ஒன்று என்று சொல்லாமல்
லாபம் என்று தொடங்குவாரே, அந்த நிதானத்தில்.

இரும்பு மட்டும் அழுத்தக்காரன்.
சூரியன் சீறினால்தான் வாய் திறப்பான்.
மற்ற நாட்களில் அவன் கோடு
தரையோடு தரையாகக் கிடக்கும்.
மேட்டூர்ச் செய்திக்குக் காத்திருப்பதுபோல
சூரியப் புயலுக்குக் காத்திருக்கிறேன்.
புயல் வா என்று வேண்டுவதை
இந்த ஊரில் சத்தமாகச் சொல்ல முடியாது.

பாதை நீள்வட்டம்.
வடக்கே தாழப் பறக்கிறது,
ஒரு தாலுகா அளவுக்குத் துல்லியம்.
தெற்கே போகப் போக விலகி,
டெல்டா முழுதும் இலங்கையும் சேர்த்து
ஒரே கட்டம், ஒரே நிறம்.
தென்கோடியில் பதினோரு கட்டங்களில்
அந்த நிறமும் இல்லை.

“பக்கத்துக் கட்டங்களின் சராசரியைப் போடு, செசிலியா,”
என்றார் சாத்தப்பன், பெங்களூரிலிருந்து.
“அட்டைக்குப் படம் கேட்கிறார்கள்.
ஓட்டை ஓட்டையாகக் கொடுக்க முடியுமா?”
சரி என்றுதான் சொன்னேன்.
ஒரே வரி நிரல். எண்டர் தட்டினால் போதும்.

கீழே தவமணி கூப்பிட்டாள்.
பயிர்க் காப்பீட்டுப் பட்டியலைப் படிக்க வேண்டுமாம்.
அவள் ஊருக்கு இழப்பு: பூஜ்யம்.
நாலு வயலில் அறுத்து எடை போட்டிருக்கிறார்கள்,
நாலும் வாய்க்கால் தலைப்பில்.
“உன் வயலுக்கு யாரும் வரலையா?”
“வந்தாங்க. வரப்பு வழுக்கும்னு
ரோட்டுலேர்ந்தே பாத்துட்டுப் போயிட்டாங்க.”

நானும் ரோட்டிலிருந்து பார்க்கிறவள்தான்.
கோடிக்கணக்கான மைல் நீளமான ரோடு.

அன்று ராத்திரி இரண்டு பத்துக்கு
சூரியன் சீறியது. பதினான்கு நிமிடம்.
ஆறு புள்ளி நான்கில்
ஒரு சின்ன மேடு எழுந்தது.
இரும்பு. சொற்பம்தான்,
பக்கத்துக் கட்டங்களின் சராசரியில் பாதிகூட இல்லை.
பதினொன்றில் இரண்டு நிரம்பின.
மூன்றாவதற்குள் சூரியன் அடங்கிவிட்டது,
கரண்டும் போய்விட்டது.

விடிந்ததும் அந்த ஒரு வரியை அழித்தேன்.
ஒன்பது கட்டங்கள் சாம்பல் நிறத்தில் போயின.
நிறக் குறிப்பின் அடியில் எழுதினேன்:
சாம்பல் என்றால் அளக்கவில்லை.
பூஜ்யம் என்று படிக்க வேண்டாம்.

சாத்தப்பனிடமிருந்து பதில் இன்னும் வரவில்லை.
தவமணியின் மனுவிலும்
அதே இரண்டு வரிதான் போட்டேன்.
படித்துக் காட்டியதும் அவள் யோசித்தாள்.
“இங்கிலீஷ்லயும் ஒரு தடவ எழுதிடு,
கொஞ்சமாச்சும் பயப்படுவாங்க.”