லெபோ பந்தாயில் ஒரு குழி

இரவு பதினொன்றுக்குத்தான் அனுமதி.
தெருவில் பாதியை அடைத்து
கூம்பு வைத்து, விளக்குக் கட்டி
தாரை வெட்டினோம்.
எங்கோ ஒரு பழைய குழாய் கசிகிறது.
எங்கே என்று கண்டுபிடித்தால் காசு.

முதலில் தார்.
அதற்குக் கீழே இன்னொரு தார்.
பிறகு கருங்கல், செங்கல் தூள்,
எவனோ குடித்துப் போட்ட சோடாப் போத்தலின் கழுத்து.
ஒன்றரை மீட்டரில்
ரஃபிகுல் மண்வெட்டியை நிறுத்தினான்.
"பாஸ், கிளிஞ்சல்."

ஒன்றிரண்டு இல்லை.
கைவிட்ட இடமெல்லாம் கிளிஞ்சல்,
வாய் திறக்காதவையும் சில.

பழையது எது கிடைத்தாலும்
வேலையை நிறுத்தித் தகவல் தரவேண்டும்:
ஒப்பந்தம், பதினேழாம் பக்கம்.
தந்தேன்.
புவான் சல்மியா காலை பத்துக்கு வருவாராம்.
ஆட்களை லோரியில் அனுப்பிவிட்டு
குழிக்குக் காவலாக நான்,
எதிரே பேங்குக்குக் காவலாக மரியதாஸ்.

"பேரு மட்டும் கடற்கரைத் தெரு" என்றார் அவர்.
"கடலைப் பாக்கணும்னா
மூணு கட்டடம், ஒரு பெரிய ரோடு,
ஒரு கார் பார்க் தாண்டணும்."
அந்தக் காலத்தில் கடைகளின் பின்வாசலில் அலை.
தோணியிலிருந்து மூட்டை நேராகக் கிடங்குக்குள்.
நம்மவர்கள் கிடங்குத் தெரு என்றுதான் சொன்னார்களாம்.
கடலில் மண்ணைக் கொட்டி
நகரம் நாலு எட்டு முன்னால் வைத்தது.
தெரு மட்டும்
நின்ற இடத்திலேயே நின்றுவிட்டது.

மரியதாஸ் இதே வரிசையில்
பேரேடும் மையும் விற்ற கடையில் இருந்தவர்.
வாடகை தொண்ணூறு வெள்ளி.
சட்டம் போனது, வாடகை இரண்டாயிரமானது.
முதலாளி பாயான் பாருவுக்குப் போனார்,
அங்கே பேரேட்டை யார் கேட்டார்கள்?
இப்போது அந்த இடத்தில்
ஒரு துண்டு கேக் இருபத்திரண்டு வெள்ளி.
"நல்லாத்தான் இருந்துச்சு" என்றார்.
கேக்கைச் சொன்னாரா, கடையைச் சொன்னாரா, நான் கேட்கவில்லை.

இந்த ஊரின் நடுவை நான்
மண்ணை வைத்துத்தான் அறிவேன்.
கொம்தார் பக்கம் தோண்டினால் களி,
மண்வெட்டியை விடாது.
பாயான் பாருவில் வயல் சேறு,
நெல் வேர் மணக்கும் என்பான் எங்கள் ஓட்டுநர், பொய்.
கர்னியில் புதிதாய்க் கொட்டிய மணல்,
தோண்டத் தோண்டச் சரியும்.
கடைவீதி ஒவ்வொரு முறை இடம் மாறும்போதும்
ஒரு குழாயை விட்டுவிட்டுப் போகும்.
எனக்கு அதனால்தான் சோறு.

மூன்று மணிக்குக் குழியில் தண்ணீர்.
கசிவு கிடைத்தது என்று ஓடிப்போய்
முக்குச் சந்தில் வால்வை மூடினேன்.
ஏறியது.
அடுத்த வால்வையும் மூடினேன்.
ஏறியது.
விரலை நனைத்து நாக்கில் வைத்தேன்.

உப்பு.

கைப்பேசியில் ஓத நேரம் பார்த்தேன்:
படகுத்துறையில் உச்சம் மூன்று நாற்பது.
மூன்று நாற்பதுக்குக் குழியில் முழங்கால் ஆழம்.
நாலரைக்கு ஒரு சாண் இறங்கியிருந்தது.
நூறு வருஷத்துக்கு மேல் தாருக்கு அடியில்
யாரும் பார்க்காமல்
தினம் இரண்டு முறை
வந்துவிட்டுப் போயிருக்கிறது.
மரியதாஸைக் கூப்பிட்டுக் காட்டினேன்.
டார்ச் அடித்துப் பார்த்தார்.
"வாடகை கட்டுதா?" என்றார்.

பத்துக்கு வந்தார் புவான் சல்மியா.
குழி காய்ந்து கிடந்தது.
கிளிஞ்சல் ஏழைப் பையில் போட்டுக்கொண்டு
"இதெல்லாம் பழைய வரைபடத்திலேயே இருக்கு,
மூடிடுங்க" என்றார்.
சாயங்காலம் நாலு வரை இருங்கள் என்றேன்.
அவருக்கு மூன்றுக்கு வேறொரு குழி.

அறிக்கையில் ஒரு கட்டம்:
நீர் வந்த வழி.
குழாய், மழை, சாக்கடை, மற்றவை.
மற்றவையில் கோடு போட்டு
பக்கத்தில் எழுத இடமில்லாமல் விட்டுவிட்டேன்.

கசிவு கிடைக்கவில்லை.
பன்னிரண்டு மீட்டர் தள்ளி
கேக் கடை வாசலில்
இன்று இரவு மறுபடி வெட்டுகிறோம்.
ரஃபிகுல் பூட்ஸ் வாங்கப் போயிருக்கிறான்.