உள்ளே இருப்பது

எழுத்தின் அளவைப் பன்னிரண்டு என்று வைத்தேன்.
சேமித்தேன், மூடித் திறந்தேன்.
பத்தொன்பதாகவே நின்றது,
கல்யாண மண்டப வாசல் போர்டு மாதிரி.

மென்பொருள் பிறக்கும்போதே கொண்டுவந்த அமைப்பு ஒன்று.
அதன்மேல் என்னுடையது.
அதன்மேல் பணிவெளிக்கு உரியது.
அதற்கும் உள்ளே கோப்புறைக்கென்று ஒன்று.
மோதினால், ஆக உள்ளே இருப்பது சொன்னதே செல்லும்.
ஆபீசில் இப்படி ஒரு சட்டத்தை நான் கண்டதில்லை.

முருகேஷ்பாளையாவில், எங்கள் கட்டடத்து லிஃப்ட் பக்கம்
ஒட்டியிருக்கிறது: அசைவம் கூடாது.
ஓனரம்மா ஒப்பந்தத்தில் முட்டைக்கு மட்டும் இடம் விட்டார்.
மூன்றாம் மாடியில், ஞாயிற்றுக்கிழமை,
ஜன்னலைச் சாத்திவிட்டு
பெனசீர் நெத்திலி வறுப்பாள்.

ராத்திரி ஒன்றே கால்.
ஒவ்வோர் அடைவாக இறங்கினேன்.
பில்லிங், பழையது, பழையது இரண்டு,
பிறகு, தொடாதே என்றே பெயர் வைத்த ஒன்று.
அதற்குள் புள்ளியில் தொடங்கும் ஒரு மறைகோப்பு.
எழுதியவர் பெள்ளியப்பா.
நான் சேரும் முன்பே பேட்ஜைத் திருப்பிக் கொடுத்தவர்.
அளவு பத்தொன்பது, பின்னணி கறுப்பு,
பக்கத்தில் ஒரு குறிப்பு:
‘வலது கண் ஆபரேஷன் முடியும் வரை.’

முடிந்ததா என்று யாரைக் கேட்பது?
ஹெச்.ஆரிடம் நம்பர் இருக்கும்,
தர மாட்டார்கள்.

வரியை அழிக்கவில்லை.
அந்த அடைவுக்குள் போகும்போது மட்டும்
பெரிய எழுத்தில் வாசிக்கிறேன்.
பின்வரிசை தனுஸ்ரீ எட்டிப் பார்த்துக் கேட்டாள்,
‘கண்ணாடி மாத்தணுமா உனக்கு?’