இரண்டு எழுத்து

மூன்றாம் முறையாக வந்திருக்கிறார் உதுமாலெவ்வை,
கிண்ணியாப் பாலம் தாண்டி,
சாரன் மடிப்பில் ஒரு கடித உறையோடு.
கச்சேரிக்குப் போகிற வழியில் என் கடை:
போட்டோக்கொப்பி மெசின், பழைய கணினி,
‘தமிழ் – ஆங்கிலம், பக்கம் முன்னூறு ரூபா’ என்றொரு பலகை.

காப்புறுதிக் கம்பனி கைவிரித்திருக்கிறது.
இரண்டாம் பந்தியில் காரணம்:
தாங்களே எழுதியபடி
படகைத் திருப்பத் தாங்கள் முயன்றதாகவே தெரியவில்லை.

வைகாசியில் அவர் சொன்னது இன்னும் காதில் நிற்கிறது.
“நான் வெளிச்சத்த மட்டுந்தான் கண்டன் புள்ள.
கப்பல் விறுவிறெண்டு வந்திச்சி.
சுக்கானப் புடிச்சி இழுத்தன், உசிர விட்டு இழுத்தன்.
போட்டு கிறுகிறெண்டு சுத்தி
தொபுக்கெண்டு கவுந்திச்சி.”

விறுவிறுவுக்கு ரெப்பிட்லி போட்டேன்.
கிறுகிறுவுக்கு ஒன்றும் அகப்படவில்லை. விட்டுவிட்டேன்.
தொபுக்கென்றுக்கு சடன்லி.
அதில் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை.
கொழும்பில் ஏசிக்குள் இருந்து வாசிப்பவருக்கு
அது போதும் என்று நினைத்தேன்.

ஒன்லிக்குத்தான் பயந்தேன்.
நம் ‘மட்டும்’ கட்டிப்போட்ட ஆடு,
எந்தச் சொல்லில் கட்டினோமோ அங்கேயே நிற்கும்.
ஒன்லி இந்த ஊர் மானைப்போல.
பஸ் நிலையத்தில் நிற்கும், மீன் சந்தையில் நிற்கும்,
யாருடைய வாசலிலும் நின்று அந்த வீட்டு மான் மாதிரிப் பார்க்கும்.
ஒரு சொல் தள்ளி நின்றாலும்
வெளிச்சத்தைக் கண்டவர் அவர் ஒருவரே என்றாகிவிடும்,
சாட்சிக்கு மச்சான் இருந்தும் இல்லாமல் போவார்.
ஐந்து தடவை வாசித்துச் சரிபார்த்தேன்.
அது சரியான இடத்தில்தான் மேய்ந்துகொண்டிருந்தது.

நான் விழுந்தது வேறு குழியில்.
‘உசிர விட்டு’ என்பதற்கு ஹார்ட் போதும்.
ஆனால் மொட்டையாய் நின்றது.
பக்கத்தில் எல்லாவற்றுக்கும் வால் இருக்க
இதற்கு மட்டும் இல்லையே என்று
நானும் ஒன்றை ஒட்டிவிட்டேன்.

ஹார்ட் என்றால் பாடுபட்டு.
ஹார்ட்லி என்றால் பட்டும் படாமல்,
இல்லை என்பதற்கு ஒரு விரற்கடை இப்பால்.
ஃபாஸ்ட்டுக்கு வால் கிடையாது என்று தெரிந்தவள் நான்.
ஓ.எல்.லில் ஆங்கிலம் ஏ.
சான்றிதழ், பலகைக்குப் பின்னால் மாட்டியிருக்கிறது.

சொல்லாமலே திருத்தி அனுப்பியிருக்கலாம்.
மெசின் சூடாகட்டும் என்று
கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.
பிறகு சொன்னேன்: “காக்கா, பிழை என்ர.”
“எவ்வளவு பிழை?”
“ரெண்டு எழுத்து.”
“ரெண்டு எழுத்துக்கு ஒரு போட்டா?”

காட்டச் சொன்னார்.
காட்டினேன்.
திரையில் அந்த இரண்டையும்
ஒற்றை விரலால் மூடிப் பார்த்தார்.
வலை இழுத்துத் தடித்த விரல்,
அடுத்த சொல்லில் பாதியும் அதற்குள் போனது.
“இப்ப சரியா?”
“இப்ப சரி.”
விரலை எடுத்தார். இரண்டும் அங்கேயே இருந்தன.

அழித்தேன்.
கிறுகிறுவுக்கும் இம்முறை இடம் விட்டேன்:
படகு மூன்று தரம் சுற்றியது என்று எழுதினேன்.
வினையடை இல்லை, எண்ணிக்கைதான்.
“மூண்டில்ல, நாலு” என்றார்.
நாலு என்று மாற்றினேன்.

“இனி நம்புவாங்களா?”
ப்ரொபப்லி என்று வாய்க்குள் வந்தது.
“அனேகமா” என்றேன். இரண்டும் ஒரே நொண்டி.

காசு வேண்டாம் என்றேன்.
முன்னூறையும் ஸ்டேப்ளருக்குக் கீழே வைத்தார்.
வெளியே ஒரு கொம்பன் மான்
அவர் கீழே போட்ட உறையின் ஓரத்தைக்
கடித்துக்கொண்டிருந்தது.
அதை விலக்கிக்கொண்டு போனார்.

எப்படிப் போனார் என்று
அந்தக் கடிதத்தில் யாரும் கேட்கப்போவதில்லை.
போனார்.