லி-யில் முடியும் சொற்கள்

மாலை ஐந்தே முக்கால்.
ஹாம்பர்க்கில் மதியச் சாப்பாடு முடித்து
யாரோ ஒருத்தி பொத்தானை அழுத்தியிருக்கிறாள்.
திருப்பூர் காங்கயம் ரோட்டில், எங்கள் இரண்டாவது மாடியில்
முதல் சொல் வந்து விழுகிறது:
அன்ஃபார்ச்சுனேட்லி.

மீதியைப் படிக்க வேண்டியதே இல்லை.
ஒன்பது வருடமாக மெர்ச்சண்டைசர் நான்.
அந்த ஒரு சொல்லிலேயே தெரிந்துவிட்டது
நாற்பத்திரண்டாயிரம் பீஸும் நின்றுபோனதென்று.
நாச்சிமுத்து அண்ணன் ஆனாலும்
கண்ணாடியை வேட்டி முனையில் துடைத்து மாட்டிக்கொண்டு
"ஒவ்வொரு வரியாச் சொல்லு அம்மிணி" என்கிறார்.

சொன்னேன்.
நாம் போட்ட மஞ்சள், ஒத்துக்கொண்ட மஞ்சளைவிட்டு
சிவியர்லி விலகியிருக்கிறதாம்.
டீப்லி வருந்துகிறார்களாம்.
கடைசியில் பேருக்கு மேலே
டெரிப்லி சாரி.

"டெரிபிள்னா கொடூரமுன்னுதான?
கொடூரமாவா வருத்தப்படறாங்க?"
இல்லீங்ண்ணா, ரொம்பன்னு அர்த்தம்.
"ரொம்பன்னே போடறதுக்கு என்ன கேடு?"

பதில் தட்டச்சு செய்ய உட்கார்ந்தேன்.
இந்த ஆர்டர் வேணும்கிறதை
நல்லா அழுத்திப் போடச் சொன்னார்.
வி பேட்லி நீட், என்று போட்டேன்.
திரைக்கு முகத்தைக் கொண்டுவந்தார்.
"பேட்னா மோசம். மோசமாவா வேணும் நமக்கு?"

சாயப்பட்டறைக்கு மூன்று மாசப் பாக்கி.
பேங்கு நோட்டீசு, மேசைக் கண்ணாடிக்கு அடியில்
சாமி படத்துக்குப் பக்கத்திலேயே இருக்கிறது.
ஆமாங்ண்ணா,
மோசமாத்தான் வேணும்.

அதற்குப் பிறகு அவர் எதுவும் கேட்கவில்லை.
கீழே போய்ச் சொல்லிவிடு, என்று மட்டும் கையைக் காட்டினார்.

இந்தச் சொற்களுக்கெல்லாம் ஒரே வால்.
லி.
வாலைப் பிடித்துத் தூக்கினால்
செத்த எலிபோலத் தொங்கும், கடிக்காது.
நம் பக்கத்து லி வேறு ஜாதி:
கூலி. காலி.
வலி.
எந்த வினைக்கும் முன்னால் குடை பிடித்து நடக்காமல்
நேராக வீட்டுக்குள் வந்து நிற்கும்.

படியிறங்கும்போது
துரதிர்ஷ்டவசமாக, என்று
வாய்க்குள் ஒரு தடவை சொல்லிப் பார்த்தேன்.
பத்து எழுத்து.
ஓவர்லாக் சத்தத்தில்
எட்டு எழுத்தாவது செத்துப்போகும்.

"திங்கக்கிழமையிலிருந்து வேலை இல்லைங்க."

மெஷின்கள் ஒன்றொன்றாய் அடங்கின.
ஒன்று மட்டும் கைப்பக்கம் பாதித் தையலில் இருந்தது,
அதை முடித்துவிட்டுத்தான் நின்றது.
ஒடிசாவிலிருந்து வந்த மினதி
என்ன என்ன என்று பக்கத்தில் கேட்க
பக்கத்தில் இருந்தவள்
இரண்டு உள்ளங்கையையும் விரித்துக் காட்டினாள்.
மினதிக்குப் புரிந்தது.

செக்கிங் துளசிமணி மட்டும்
குவியலிலிருந்து ஒரு நைட் டிரஸ்ஸை எடுத்து
டியூப்லைட்டுக்கு நேராகத் தூக்கிப் பிடித்தாள்.
மூன்று வயதுக் குழந்தையின் அளவு.
ஆவாரம்பூ மஞ்சள்,
நெஞ்சில் தூங்கும் ஒரு கரடி.
திருப்பினாள்.
தோள் தையலை இழுத்துப் பார்த்தாள்.
பழக்கத்தில் ஒரு பிசிறைக் கத்தரித்தாள்.
"அநியாயத்துக்கு நல்லாருக்குதேக்கா."

மேலே வந்தேன்.
அண்ணன் இல்லை, ஃபேன் ஓடிக்கொண்டிருந்தது.
பேட்லியை அழித்தேன்.
அதற்கு முன்னால் எங்கேயோ நானே போட்டிருந்த
சின்சியர்லியையும் அழித்தேன்.
காலியான திரையில்
துளசிமணி சொன்னதை
அவர்கள் பாஷையில் போட்டுப் பார்த்தேன்:
அன்ஜஸ்ட்லி நைஸ்.

கம்ப்யூட்டர் அதன் கீழே
நெளிநெளியாய் ஒரு நீலக்கோடு இழுத்தது.
இப்படிச் சொல்லக்கூடாதாம்.

அப்படியே அனுப்பினேன்.