குப்புற

சவரியானின் மீசையை மழித்தவள் நான்தான்.
தொண்டைக் குழாயைப் பிடித்திருக்கும் பிளாஸ்டர்
மயிரில் ஒட்டாது.
ஜம்பட்டா வீதியில் முப்பது வருடம்
சலூன் வைத்திருந்தவர் என்று
பைலில் இல்லை. மகள் சொன்னாள்,
கண்ணாடிக் கதவுக்கு வெளியே நின்று,
நான் ரேசரைக் கழுவி வைத்த பிறகு.

இரண்டு நாள் மல்லாந்து கிடந்தார்.
திரையில் எண்பத்திரண்டு.
ஒட்சிசனைக் கூட்டினோம், எண்பத்து மூன்று.
இன்னும் கூட்டினோம்,
எண்பத்து மூன்று.

களனி பெருகினால்
வெல்லம்பிட்டிதான் முதலில் முழுகும்;
பள்ளம் அங்கே.
மல்லாந்தவனுக்குப் பள்ளம் முதுகில்.
நுரையீரலின் பெரும்பங்கு அங்கேதான் குடியிருக்கிறது,
தோட்டத்து வீடுகள் மாதிரி நெருக்கி நெருக்கி.
போதாததற்கு
இதயம் வேறு மேலே ஏறி உட்கார்ந்திருக்கிறது.
ஊரைப் புரட்ட முடியாது.
ஆளைப் புரட்டலாம்.

ஐந்து பேர் வேண்டும்.
தலைமாட்டில் டொக்டர் நிலூகா, குழாய் அவர் பொறுப்பு.
இந்தப் பக்கம் சுனிமலும் பர்ஹானாவும்,
அந்தப் பக்கம் ருவனும் நானும்.
நெஞ்சுக்கு ஒரு தலையணை, இடுப்புக்கு ஒன்று,
நடுவில் வயிறு தொங்க இடம்.
மேல்விரிப்பையும் கீழ்விரிப்பையும்
ஓரம் சேர்த்து இறுக்கிச் சுருட்டுவோம்.
ரோல்ஸ் என்பான் சுனிமல், பசியோடு.
எகய், தெகய், துனய்.
எண்ணுவது சிங்களத்தில்.
பயப்படுவது அவரவர் மொழியில்.

பிறகு ஒரு பிடரி.
எத்தனை ஆயிரம் பிடரிகளைக் குனிய வைத்தவரின் பிடரி,
சீராக வெட்டாமல்,
யாரிடமும் தலையைக் கொடுக்காத கர்வத்தோடு.
ஒரு கை மேலே, ஒரு கை தொடையருகே,
நீந்துகிறவன் போல வைத்தோம்.
இரண்டு மணிக்கொரு தடவை கை மாறும், முகம் மாறும்.
பதினாறு மணி நேரத்தில் எட்டே வீச்சு.
முகத்துவாரத்தைக்கூடத் தாண்டியிருக்க மாட்டார்.

குப்புறப் படுத்தால் மூச்சு முட்டும் என்று
என் அம்மா தொட்டிலில் தம்பியைத் திருப்பிப் போடுவா.
கைக்குழந்தைக்கு அது சரி.
இங்கே
எண்பத்தாறு.
எண்பத்தெட்டு.
விடியப்புறம் தொண்ணூற்றிரண்டு.
ஒருவரும் கைதட்டவில்லை.
பர்ஹானா மாஸ்க்குக்குள் ஏதோ ஓதினாள்.

சும்மா கிடைக்கவில்லை அது.
கன்னம் வீங்கி, உதடு தடித்து,
தாடையோரம் ஒரு புண் சிவக்கத் தொடங்கியிருந்தது.
மகளுக்கு முதுகை மட்டும் காட்டினேன்.
"அப்பாதான்" என்றாள்.
"வலது தோள் கொஞ்சம் தூக்கலா இருக்கும்,
கத்தரிக்கோல் பிடிச்சுப் பிடிச்சு."

ஒன்பதாம் நாள் குழாயைக் கழற்றினோம்.
தலைமாட்டை உயர்த்திச் சாய்த்து உட்கார வைத்தேன்.
முதல் வேலையாக மேலுதட்டைத் தடவினார்.
குரல் இல்லை, காற்றுத்தான்:
"மிஸ்ஸி, இடப்பக்கம் விட்டுப்போட்டீங்க."
குப்புற விழுந்தும் மீசையில் மண் ஒட்டவில்லை என்பார்கள்,
ஒட்டுவதற்கு மீசை வேண்டாமா ஐயா என்றேன்.
சிரித்தார். சிரிப்பு இருமலாகித்
தொண்ணூறுக்கு இறங்கியது.
சிரிக்க வேண்டாம் என்று
நோயாளியை அதட்டியது அன்றுதான்.

ஏழாம் கட்டிலைப் பற்றியும் எழுத வேண்டும்.
அந்தப் பிள்ளைக்கு இருபத்தாறு வயது.
மூன்று இரவு புரட்டினோம்,
அதே விரிப்பு, அதே எண்ணிக்கை.
ஏறவில்லை.
கடைசியில் மல்லாத்தி வைத்துத்தான்
முகம் துடைத்தோம்.

இன்று அதே கட்டிலில் வேறொருவர்.
பெயரை இன்னும் வாசிக்கவில்லை, எண்பது என்கிறது திரை.
சுனிமலுக்குக் காய்ச்சல்.
நாலு பேர்தான் இருக்கிறோம்.
லிஃப்ட்காரரைக் கூட்டிவர ருவன் ஓடியிருக்கிறான்.
அவருக்கு இதெல்லாம் தெரியாது.
மூன்று வரை எண்ணத் தெரிந்தால் போதும்.