கிலுகிலுப்பை

உச்சிப்புளியில் கிராஸிங்குக்காக ரயில் நின்றபோது
இறங்கித் தண்டவாளத்தோரம் பறித்தேன்.
ஆறு காய்கள், காய்ந்து கறுத்தவை.
"இப்போதைக்கு வெட்ட வேண்டாம், பார்க்கலாம்" என்று
டாக்டர் திருப்பிக் கொடுத்த ஸ்கேனோடு ஒரே பையில்
மண்டபம் வரை கிலுகிலுத்துக்கொண்டு வந்தன.
எதிர் சீட்டுக் குழந்தை என் பையையே பார்த்தது.
ஒரு காயைக் கொடுத்திருக்கலாம்.
கொடுக்கவில்லை.

ஐஸ் கம்பெனியில் பார் கணக்கு எழுதுகிறவள் நான்.
பின்சுவரோரம் உருகி வழிவது
ஒரு நாளைக்கு நாலு குடம் தேறும்,
இந்த ஊரில், உப்பில்லாத நாலு குடம்.
அது மணலுக்குள் வீணாய்ப் போவதைப்
பார்க்கச் சகிக்காமல்தான் விதைத்தேன்.
பூ மேல் ஆசை என்று சொன்னால் பொய்.

இருபது நாள் ஒன்றுமில்லை.
விதையின் தோல் கல்.
மிச்ச விதையை, டீக்கு வைத்த வெந்நீரில்
ஓர் இரவு போட்டு வைத்தேன்.
காலையில் தட்டைப்பயறு போல ஊதியிருந்தன.
ஒன்பது முளைத்தன.
ஒன்பதுக்கும் வாளி வாளியாய் ஊற்றினேன்.
ஏழு அழுகின.
மிஞ்சிய இரண்டும்
என் வாளி எட்டாத இடத்தில் நின்றவை.

அதற்குப் பிறகு தண்ணீர் ஜெய்னம்புவின் ஆடுகளுக்கு.
குடித்துவிட்டு, செடியை முகர்ந்து,
ஒரு தும்மல் போட்டு நகர்ந்துவிடும்.

தையில் பூத்தது.
மஞ்சள், உள்ளே செங்காவிக் கீற்று.
கருவண்டு வந்து உட்கார்ந்ததும் பூ தாழ்ந்து,
கீழ்மடல் வாய் திறந்து
அதன் வயிற்றில் மகரந்தம் பூசி அனுப்பும்.
அம்மோனியா வாடையை அது பொருட்படுத்தவில்லை.
கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதினேன்:
கருவண்டு பதினொன்று.
நகக்கண் அளவு நீலப் பூச்சி நாலு.
காய்களை ஆட்டிப் பார்த்தேன்.
சத்தம் வராத காய்க்குள் புழு இருந்தது.
திரும்ப மூட முடியவில்லை.

சித்திரையில் தடைக்காலம்.
படகெல்லாம் கரையில், கம்பெனிக்குப் பூட்டு,
எனக்கு அரைச் சம்பளம்.
திறந்தபோது ஆனிக் காற்று
இரண்டு செடியையும் குச்சியாக்கி வைத்திருந்தது.
ஆடி முழுக்க மணல் அடித்தது.
முதலாளி மகன் வந்து பார்த்தான்.
"செத்துப் போச்சுல்லக்கா, வெட்டிருங்க.
லாரி திரும்ப இடம் வேணும்."
அடித்தண்டில் நகத்தால் கீறினேன்.
உள்ளே மயிரிழை அளவு பச்சை.
"இப்போதைக்கு வேண்டாம் தம்பி, பார்க்கலாம்" என்றேன்.
யார் சொன்ன வாக்கியம் அது என்று
சொன்ன பிறகுதான் உறைத்தது.

ஐப்பசி பிறந்து இரண்டாம் நாள்.
காற்று நின்றுவிட்டது. மழை இன்னும் வரவில்லை.
எந்தத் திசையிலிருந்து வந்தன, தெரியாது,
நான் குனிந்து எழுதிக்கொண்டிருந்தேன்.
நிமிர்ந்தால்
குச்சியில் இலை விட்டிருக்கிறது,
கறுப்பு இலை, அதில் வெளிர்நீலப் பொட்டு,
மூச்சு விடுகிற இலை.

பூவில்லை. தேனில்லை.
பட்டுப்போன தண்டைக் காலால் கீறி
அந்தக் கீறலில் குழல் இறக்கி
என்னவோ உறிஞ்சின.
பூத்திருந்த தையில் ஒன்றுகூட வராதவை.
காய்ந்ததைத் தேடியா
இத்தனை தூரம் வருவார்கள்?

எண்ண ஆரம்பித்தேன்.
நூற்று நாற்பதில் லாரி வந்தது.
முனீஸ்வரன் ஹாரனில் கை வைத்தான்,
எடுத்தான்,
எஞ்சினை அணைத்துவிட்டு இறங்கி
பீடி பற்றவைக்காமல் நின்றான்.
பிறகு ரோடு வரைக்கும்
ரிவர்ஸிலேயே போனான்.

அன்றைய பார் கணக்கில் நூற்று நாற்பது கூடுதல்.
முதலாளி மகன் மூன்று முறை கூட்டிப் பார்த்து
யார் எழுதியது என்று கேட்டான்.
என் கையெழுத்துதான்.
அடிக்கவில்லை.